சரிவுப் பாதையும் என் வாயும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், கடை நலம், பூனை எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, முகம்தான் சரியில்லை, அதைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எதிரே நடக்கக் கூச்சமாக இருப்பதால் பின்சந்து வழியாகத்தான் கடைக்குப் போய்வருகிறேன். இந்தக் கடிதமும் நானாக எழுதவில்லை, உன் மாமியார் போட்ட உத்தரவு. "என் மருமகளுக்கு நடந்ததை நீங்களே எழுதுங்க சம்பந்தி, ஆனா மெழுகாம எழுதணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஃபோனிலேயே சொல்லிவிடுகிறேனே என்றேன். ஃபோனில் சொன்னால் நடுவில் எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொள்வீர்கள் என்றார்கள். உன் மாமனார் காலமெல்லாம் நிலம் அளந்தவர்தான், ஆனால் என்னை இவ்வளவு சரியாக அளந்தது உன் மாமியார்.

நம் ஊர், உன் மாமனார் இருக்கும் பக்கத்து ஊர், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர், மூன்றும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு மையம் கட்டப்போவது உனக்குத் தெரியும். தனியாகக் கட்ட எந்த ஊருக்கும் வக்கில்லை, சேர்ந்து கட்ட எந்த ஊருக்கும் மனசில்லை, இருந்தாலும் குழு போட்டாயிற்று. விளையாட்டுக்கூடம், படிக்கும் அறை, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கூரை போட்ட நீச்சல் குளம், வெளியே மழை கொட்டினாலும் உள்ளே இதமான சூட்டில் தண்ணீர். நம் ஊருக்குப் பிரதிநிதி நான். என்னை எதற்குப் போட்டார்கள் என்று நீ சிரிப்பது கேட்கிறது, கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் எப்படியும் கடைசிவரை இருந்து எண்ணி எடுத்துப் போக வேண்டும், அவனையே போட்டால் ஓட மாட்டான் என்ற யோசனைதான். பக்கத்து ஊருக்கு உன் மாமனார், பாலத்து ஊருக்கு மருந்துக்கடைக்காரர், அவரே தலைவர். மூன்று பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்பதால் குளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச முடிந்தது. எனக்கு ஒரே ஆசை, குளத்தின் ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக உயரும் காலரி. நாற்காலிக்காரன் புத்தி உட்காரும் இடத்தைத் தாண்டிப் போகுமா. உன் மாமனாருக்கும் ஒரே ஆசை, ஏணியைப் பிடித்து இறங்காமல் தரையிலிருந்து நடந்தே தண்ணீருக்குள் போகிற மாதிரி ஒரு சரிவுப் பாதை, பக்கத்தில் கைப்பிடி. வரைபடம் போடுகிற பெண் அட்டையில் செய்த குளத்தை மேசைமேல் வைத்து, பாதை வந்தால் காலரியில் பாதி போய்விடும், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். சரி, மூன்று ஊர் ஜனங்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று முடிவானது.

மண்டபம் நிறையக் கூட்டம். உன் மாமனார் பேசுவது உனக்குத் தெரியுமே, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாம் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். அவர் எழுந்து, "ஏணியில இறங்க முடியாதவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் தண்ணி வேணும்" என்று அவ்வளவுதான் சொன்னார். நியாயமான பேச்சு. நான் எழுந்தேன், எழுந்திருக்கக் கூடாது. "சம்பந்தி, நாம கட்டப்போறது நீச்சல் குளமா, இல்ல மாட்டை ஓட்டிட்டுப் போய்த் தண்ணி காட்டுற துறையா?" என்று கேட்டேன். மண்டபமே அதிர்ந்தது. கைதட்டல் தலைக்கேறி, மாடு எப்படி இறங்கும் என்று இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி மேடையில் நடந்தும் காட்டினேன். மெழுகக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன், திரும்பி வரும்போது மாடு மாதிரி கத்தவும் செய்தேன். கை தூக்கச் சொன்னார்கள், பாதை போயிற்று, காலரி நின்றது. உன் மாமனார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அவள் திட்டினால் மழை, பேசாமல் வந்தால் இடி எங்கேயோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். கூட்டம் முடிந்து நான் முன்னால் நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் உன் மாமியார் எழுந்திருக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள், அம்மாதான் கைகொடுத்து எழுப்பியிருக்கிறாள், அப்போதுதான் விஷயமே வந்திருக்கிறது. இரண்டு மாதம் தங்கை வீட்டில் இருக்கப்போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னார்களே, அது தங்கை வீடு இல்லை, ஆஸ்பத்திரி, இடுப்பு எலும்பில் ஆபரேஷன். நீ பதறாதே, இப்போது நன்றாகத் தேறிக் கைத்தடியோடு நடக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தால் டிக்கெட் எடுத்து ஓடி வருவீர்கள் என்று உங்களிடம் மறைத்திருக்கிறார்கள், என்னிடம் சொன்னால் உங்களுக்கும் தெரிந்துவிடும் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள், இரண்டாவது காரணத்துக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும். இதமான தண்ணீருக்குள் தினம் நடந்தால் கால் பழையபடி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் பேரைச் சொல்லாதீர்கள் என்று அவர்கள் தடுத்ததால்தான் உன் மாமனார் பொதுவாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க நடந்து காட்டினப்ப அவங்களும் சிரிச்சாங்க, சிரிக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றாள் அம்மா. அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிட வாங்க என்று அம்மா கெஞ்சினாள் என்று எழுத ஆசைதான், ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். வழியெல்லாம் ஸ்கூட்டரில் ஒத்திகை, சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்னிடமா பேசுகிறீர்கள் என்று கேட்டார். கதவைத் திறந்தது உன் மாமியாரே, கையில் தடி. "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று அவர்கள் நின்றுகொண்டு சொன்னார்கள். வாயைத் திறந்தேன், என்ன வந்தது தெரியுமா, மருந்துக்கடைக்காரர் தூங்கிக்கொண்டே கை தூக்கி இரண்டு பக்கத்துக்கும் ஓட்டுப் போட்ட கதை. அவர்கள் சிரித்தார்கள், உன் மாமனார்கூடச் சிரித்தார், பழம் நறுக்கி வைத்தார்கள், வெட்கமில்லாமல் தின்றேன். வந்த காரியத்தைச் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்கூட்டரை உதைத்தால் கிளம்ப மாட்டேன் என்கிறது, அதற்காவது ரோஷம் இருக்கிறது.

கெடுத்த வாயே திருத்தட்டும் என்று மருந்துக்கடைக்காரரிடம் கெஞ்சி இன்னொரு கூட்டம் போடவைத்தேன். அதே மண்டபம், அதே ஜனம், அதே அட்டைக் குளம். எழுந்து, "அந்தச் சரிவுப் பாதை வேணும், காலரி பாதி போனாப் போகட்டும்" என்றேன். முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார், அது அப்படியே பற்றிக்கொண்டது. நிஜமாத்தான் சொல்றேன் என்றேன், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் "அண்ணே, நடந்து காட்டுங்கண்ணே!" என்று கத்தினான். காரணத்தைச் சொன்னால் நம்பியிருப்பார்கள், ஆனால் அது என்னுடைய ரகசியம் இல்லையே. கண் கலங்கிவிட்டது, அதையும் நடிப்பு என்று கை தட்டினார்கள். புலி வருது புலி வருது என்று ஊரைச் சிரிக்கவைத்தவனுக்குக் கடைசியில் நிஜப் புலி வந்தால் இதுதான் கதி என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றேன், உட்காரவும் தோன்றவில்லை.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். உன் மாமியார் எழுந்து வந்தார்கள். தடி ஒரு கையில், இன்னொரு கையால் என் நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து. அதில் எதெது கால் ஆடும் என்று எனக்குத் தெரியும், அவர்கள் கை அந்த நாற்காலிக்குப் போகும்போதெல்லாம் நான் மேடையிலிருந்தே என் கையை நீட்டினேன். பாதி மண்டபம் வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு, "அவர் விளையாடலை. அந்தப் பாதை எனக்குத்தான். போன தடவை அவர் நடந்து காட்டினாரே, அந்த மாடு நான்தான்" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வீட்டு விலாசம் சொல்வது மாதிரி சொன்னார்கள். கை தூக்கச் சொல்லட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கைகள் எழுந்தன, முழிப்பாக இருந்த மருந்துக்கடைக்காரர் கையும் சேர்த்து. உன் மாமனார் மட்டும் கை தூக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையை உட்காரவைத்து, பக்குவமாகச் சொல். தன் அம்மா மறைத்துவிட்டாள் என்று அவர் கோபப்பட வேண்டாம், இப்போதே விமானம் ஏறவும் வேண்டாம், குளம் திறக்கும்போது வாருங்கள். திறப்பு நாளில் அந்தப் பாதையில் முதலில் நான் இறங்க வேண்டும், பின்னால்தான் அவர்கள் வருவார்களாம், அதுவும் ஓர் உத்தரவு. ஆகவே எனக்கு ஒரு நீச்சல் உடை வாங்கி வா, இடுப்பளவை அம்மாவிடம் கேள், என்னிடம் கேட்டால் குறைத்துச் சொல்வேன். உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது, அலுவலகத்தில் பார்த்துப் பேசு, யாருக்கு எங்கே வலிக்கிறது என்று நமக்குத் தெரியாது கண்ணு.

எடுத்துவைக்கும் அடியெல்லாம் உறுதியாக ஊன்றி நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஒரே ஒரு விஷயம். இவ்வளவு எழுதியும், அந்த ஒரு வார்த்தையை அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. குளம் கட்டும்வரை காத்திருந்தால் நான் மனிதனில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். அன்று சாயங்காலம் உன் மாமியாருக்கு ஃபோன் செய்து, அப்பா வந்தாரா, என்ன சொன்னார் என்று கேள். அவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் உன் அப்பன் மறுபடியும் தப்பித்து வந்துவிட்டான் என்று அர்த்தம், உடனே எனக்குப் போட்டுத் திட்டு. சற்றுநேரம் பேசாமல் இருந்தார்கள் என்றால் எனக்கு ஃபோன் செய்யாதே, அன்றைக்கு மட்டும் என்னைச் சும்மா விட்டுவிடு.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
ஊருக்கு நாற்காலிக்காரன்