காரணம் என்ற கட்டம்

மார்ச் 2

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமா என்று நான் கேட்கத் தேவையில்லை. எழுத்து குண்டு குண்டாக இருந்தால் நீ வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாய் என்று அர்த்தம். போன கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான். ரொம்ப சந்தோஷம். காலில் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டிருந்தேனே, அதற்கு மட்டும் பதில் இல்லை.

மாப்பிள்ளைக்கு வானிலை நிலையத்தில் வேலை என்றபோது பெருமையாகத்தான் இருந்தது. அது போன் எடுக்காத மலை உச்சி என்று அப்போது யார் சொன்னார்கள்? வாரத்துக்கு இரண்டு நாள் ஏறி இறங்குகிற ஜீப்பை நம்பி நம் பேச்சு ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு இருபத்து நான்காம் தேதி. உனக்குப் பிரசவத்துக்குக் குறித்திருப்பதும் அதே இருபத்து நான்கு. இரண்டில் ஒன்று தள்ளிப்போக வேண்டும். குழந்தையிடம் போய் ஒத்திவைப்புப் படிவம் நிரப்பு என்று சொல்ல முடியாது, அதனால் நானே நிரப்பிவிட்டேன். நாளை மறுநாள் அனுப்புகிறேன். நாற்பத்து நாலு வயதில் எழுத வேண்டியதை நாற்பத்தைந்தில் எழுதினால் குடியா முழுகிவிடும்? இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் ஊரார் எலும்பைப் படம் பிடித்தவள், இன்னும் ஒரு வருஷம் பிடித்துவிட்டுப் போகிறேன். ஆஸ்பத்திரியில் யாருக்கும் நான் படிப்பது தெரியாது என்பதும் வசதிதான்.

உன் அப்பா தினமும் எனக்குக் கேள்வி கேட்கிறார். கேள்வியைப் படித்த கையோடு விடையையும் அவரே படித்துவிட்டு, "சபாஷ், சரியான விடை!" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே டாக்டராவது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

மார்ச் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜீப்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும்.

முதல் தடவை எனக்கு மஞ்சள் காமாலை. இரண்டாவது தடவை என் கல்யாணம். அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, இரண்டு தடவையும் அதில் என்னைத்தான் உட்கார வைத்தாய். இப்போது என் பிள்ளை. அது இன்னும் கண்ணே திறக்கவில்லை, அதற்குள் அந்தக் கட்டத்தில் அதற்கும் இடம் பிடித்துவிட்டாயா? மூன்று தடவைக்கு மேல் ஒத்திவைக்க முடியாது என்று சொன்னதும் நீதான். அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பல் முளைக்கும். அப்போது என்ன செய்வாய்?

நாங்கள் ஒரு வாரம் முன்னாலேயே அடிவாரத்துச் சுகாதார நிலையத்துக்கு இறங்கிவிடுவோம். அங்கே போன் உண்டு. ஆயிரம் பிரசவம் பார்த்த நர்ஸம்மாவும் உண்டு. நீ வந்தாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பெஞ்சில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றால் உன் மாப்பிள்ளை போதும், அந்த வேலையை அவர் நன்றாகவே செய்வார்.

வானிலைப் பதிவேட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டுமாம். 'மழை வரும்போல இருக்கிறது' என்று எழுதினால் மேலதிகாரி உரித்துத் தொங்கவிட்டுவிடுவாராம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அத்தை நடக்காததெல்லாம் நடந்த மாதிரி எழுதியிருக்காங்களே" என்று இவர் சிரிக்கிறார்.

உண்மையைச் சொல் அம்மா. இது குழந்தைக்காகவா, உனக்கு வராத அந்த இயற்பியலுக்காகவா?

கோபத்துடன், ஆனாலும் அன்புடன்,
உன் வாலு

மார்ச் 11

அன்பு வாலுவுக்கு,

பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு படி. சிரித்துப் புரையேறினால் நான் பொறுப்பில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே படிவத்தை அனுப்பிவிட்டேன். மடங்கக் கூடாது என்று வழக்கம்போல எக்ஸ்ரே கவரில் போட்டு, மேலே விண்ணப்ப எண்ணை எழுதினேன். நம் வீட்டில் கரண்டு பில்லே அந்தக் கவரில்தானே தூங்குகிறது! அன்றைக்கு என் மேஜையில் இன்னொரு கவரும் இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கணுக்கால் படம். இரண்டிலும் உள்ளே போட வேண்டியதை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

வாத்தியார், வீக்கம் வடியட்டும் என்று ஒரு வாரம் கழித்து இன்று காலைதான் எலும்பு டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் கவரிலிருந்து எடுத்ததைப் பார்க்காமலேயே வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு, "என்னங்க இது, உங்க கணுக்கால்ல மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

தேர்வு அலுவலகத்துக்கு என்ன போனது என்று உனக்கே புரிந்திருக்கும். மத்தியானம் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: 'தாங்கள் அனுப்பிய கால் படம் பெறப்பட்டது. காலில் முறிவு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே தேர்வை ஒத்திவைக்க முகாந்திரம் இல்லை.'

குட்டு வெளிப்பட்டுவிட்டது. சீட்டுக் கொடுக்கிறவரிலிருந்து பெருக்குகிற அம்மா வரைக்கும் எக்ஸ்ரே அறைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எலும்பு டாக்டரே வந்து, "ஏம்மா, எனக்குப் போட்டியா வரப்போறீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பதினஞ்சாம் தேதி வரைக்கும் நேர்ல கொடுக்கலாம். போகணும்னா சொல்லுங்க, வண்டியில விடுறேன்" என்றார். படிவம் இப்போது என் பையில் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். இயற்பியல்தான். போன மாதம் மாதிரித் தேர்வுக்குப் போனேன். பக்கத்து மேஜைப் பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கேள்வித்தாள் எப்பத் தருவீங்க?" என்று கேட்டாள். நான் தேர்வு எழுத வந்தவள் என்று சொல்லாமல், "இப்பத் தருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். உனக்குக் காமாலை இறங்கி, நீ தெருவில் குதித்து விளையாடத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தேர்வு வந்தது. உன்னைக் காரணமாக எழுதியபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

போகவா, வேண்டாமா? நீயே சொல்.

அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

புரை ஏறியது. குழந்தை உதைத்தது. இவர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு ஓடி வந்தார். அவருக்குப் படித்துக் காட்டினேன், இப்போது அவருக்கும் புரை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கவர் மாறியதில்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நீ. முதல் முதலாக மாறியது இந்தக் கவர்தான். உன் கைக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ பயந்தவள் என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எனக்கும் பயம்தான் அம்மா. எழுந்தால் பயம், உட்கார்ந்தால் பயம். ஆனால் நான் எந்தப் படிவத்தை நிரப்பி இதை ஒத்திவைக்க முடியும்? அதனால் இப்படிச் செய்வோம். இருபத்து நான்காம் தேதி நீ அங்கே பயப்படு, நான் இங்கே பயப்படுகிறேன். யார் முதலில் முடிக்கிறோம், பார்த்துவிடலாம்.

முடித்த கையோடு வந்துவிடு. குழந்தையை அதற்கு அப்புறம் நீயே வைத்துக்கொள், நான் தூங்க வேண்டும்.

உன் வாலு

மார்ச் 24

என் தங்கத்துக்கு,

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது ரோட்டின் குற்றம். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் தலையணை ஓரத்தில் வைப்பேன். நேரில் சொல்லத் தொடங்கினால் அழுது தொலைப்பேன்.

எழுதிவிட்டேன், வாலு! அறையில் உட்கார்ந்ததும் பிள்ளைகளெல்லாம் பேனா மூடியைக் கடிப்பதைப் பார்த்தேன். நானும்தான். பழக்க தோஷம், எக்ஸ்ரே மேஜையில் சொல்வதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க." வரிசை முழுக்க இழுத்து, பிடித்து, விட்டது. மேற்பார்வையாளர் முறைத்தார். அவரும் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். இயற்பியலில் பதினொரு கேள்வி தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது. முடிவு வர ஆறு வாரம் ஆகும்.

வெளியே வந்தால் வாசலில் எலும்பு டாக்டர், கையில் எக்ஸ்ரே கவர். பக்கத்தில் உன் அப்பா, கையில் என் பை, கண்ணெல்லாம் தண்ணீர். கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு. மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதியதாம். நான் பதற்றத்தில் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் படித்தேன். 'காலை 10.40. மேகம் இல்லை. காற்று லேசு. பெண். மூன்று கிலோ நூறு கிராம். தாய் நலம். சேய் நலம், சத்தம் அதிகம்.'

எனக்கு ஒரு மணிக்குத்தான் முடிந்தது. நீதான் முதலில் முடித்தாய். ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். ஒத்திவைப்புப் படிவத்தின் முதுகில்தான் எழுதியிருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் 'மகளின் பிரசவம்' என்று இருந்ததை உன் கடிதம் வந்த அன்றே அடித்துவிட்டு, 'பயம்' என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது அதையும் அடித்துவிட்டு, என் பேத்தியின் எடையை எழுதியிருக்கிறேன். கட்டம் நிறைந்துவிட்டது.

அம்மா

பி.கு.: கால் வீக்கம் பற்றி இன்னும் பதில் வரவில்லை. வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.