ஜூன் மாதத்து இரண்டு பெட்டிகள்

ஸ்மித்டன், டாஸ்மேனியா
புதன்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் பிரையனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மேற்குக் காற்று அடிக்கிற அன்று மட்டும் அப்பாவின் முதுகு முனகுகிறது. நீ அங்கே சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதுதான் வழக்கம், ஆனால் மூன்று நாளாக அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் கிடைக்காமல் தவிக்கிறேன். நீ போனை எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று போனே காட்டிக்கொடுக்கிறது. உன்னோடு தங்கியிருக்கிற தூயெனைக் கூப்பிட்டேன். "அவ குளிக்கிறா ரோஸ் ஆன்ட்டி" என்றாள். மறுபடி கூப்பிட்டேன், குளிக்கிறாள். மூன்றாவது தடவையும் குளிக்கிறாள். மெல்பர்னில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை பாவம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது, கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை நான் எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன் தெரியுமா. நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். ஈரல் தழும்பேறிய எலிகளில் பாதிக்கு மருந்து கொடுத்தாய், பாதிக்கு வெறும் தண்ணீர். மூன்று தடவை செய்தாய். ஜூன் மாதம் செய்தது மட்டும்தான் பிரமாதமாக வந்தது, மருந்து தின்ற எலிகளுக்குத் தழும்பு பாதியாகக் குறைந்திருந்தது. அதை வைத்துத்தான் உன் ஹானர்ஸ் ஆய்வேடே நிற்கிறது, அதை வைத்துத்தான் உன் வழிகாட்டி டாக்டர் மேவ் நவம்பரில் சிட்னியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் பேசப்போகிறார். போன வாரம் பழைய நோட்டைப் புரட்டும்போதுதான் பார்த்திருக்கிறாய், ஜூனில் காய்ச்சலோடு நின்று வேலை செய்த அந்த வெள்ளிக்கிழமை, ஈரல் துண்டுகள் வைத்த இரண்டு பெட்டிகளிலும் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாய். மருந்துப் பெட்டி தண்ணீர்ப் பெட்டி ஆகிவிட்டது, தண்ணீர்ப் பெட்டி மருந்துப் பெட்டி. திருப்பி வைத்துப் பார்த்தால் தழும்பு குறைவாக இருந்தது தண்ணீர் குடித்த எலிகளுக்குத்தான், மருந்து நல்லது ஒன்றும் செய்யவில்லை, சொல்லப்போனால் கெடுதல்கூடச் செய்திருக்கலாம். ஆய்வேடு கொடுக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. இது உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. "நான் என்னம்மா பண்ணட்டும்" என்று கேட்டாய்.

நான் அப்போது வேலைத்துணிகளை ஊறவைத்துக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யோசிக்கக்கூட இல்லை, "எழுதிக் குடுத்துட்டு வா, யாருக்குத் தெரியப்போவுது, எல்லாம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மாதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. நீ சின்ன வயதில் காய்ச்சல் மருந்தைக் குடிக்கும்போது சொல்வாயே, அதே சரிம்மா.

நேற்று எங்கள் இறைச்சி ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். காலையிலிருந்து மாடுகளைத் தொங்கவிட்டு நகர்த்துகிற சங்கிலி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் தலைகளில் நோய் இருக்கிறதா என்று பார்க்கிற மேஜையில் நின்றேன், கூட வேலை பார்க்கிற நோலீன் ஈரல் மேஜையில். ஒரு தலையில் கழுத்துச் சுரப்பியை வெட்டினேன், உள்ளே சீழ், கத்தி நுனியில் மணல் மாதிரி நறநறவென்றது. உனக்குத் தெரியும், காசநோயாக இருக்கலாம், அப்படிப்பட்டதைப் பார்த்தால் அந்த மாட்டின் உடலையும் நிறுத்தி முழுக்கப் பார்க்கவேண்டும். சீட்டைப் பார்த்தேன், இருநூற்றுப் பதினான்கு. உடல்கள் போகிற பக்கம் திரும்பிப் பார்த்தால் அங்கே இருநூற்றுப் பதின்மூன்று இரண்டு தொங்குகிறது, பதினான்கையே காணோம். யாரோ ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்த எதுவும் எதனுடைய தலை, எதனுடைய உடல் என்று தெரியாது. நான் சிவப்புப் பொத்தானை அடித்துச் சங்கிலியை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி கர்ட் ஓடி வந்தார். "ரோஸ், அறுபது பேரு கையக் கட்டிட்டு நிக்கிறாங்க, கண்ண மூடிட்டு விடு, ஒரு மாடுதானே" என்றார். "நிக்கட்டும். எந்த மாடுன்னு நீங்க சொல்லுங்க, நான் விடறேன்" என்றேன். இருபத்திரண்டு நிமிஷம் நின்றது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, தோலையும் காதுச்சீட்டையும் வைத்து ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தோம். கடைசியில் பார்த்தால் அது ஒன்றுமில்லை, ஏதோ முள்ளோ புல்விதையோ குத்திச் சீழ் கோர்த்திருக்கிறது, அவ்வளவுதான். கர்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நோலீன் தன் மேஜையிலிருந்தே, "ஒண்ணுமில்லாததுக்கு அறுபது பேருக்கு ஓய்வு வாங்கிக் குடுத்தியே, மகராசி" என்று கத்தினாள், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொன்னது காதில் விழுந்தது. கத்தியைத் தீட்டுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன், முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று.

பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் நான் ஒரு நாள்கூட யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தலையை விட்டதில்லை. முன்பின் தெரியாத மனிதர்கள் தின்கிற இறைச்சிக்கு அவ்வளவு பார்க்கிறவள், சொந்த மகள் கேட்டதும் எப்படி அதைச் சொன்னேன்? மூன்று நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதில் எனக்கே பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். முதல் வகுப்பு வராவிட்டால் மேற்படிப்புக்கு உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாவிட்டால் நீ கடலைத் தாண்டிப் படகேறி இந்தத் தீவுக்கே வந்துவிடுவாய், வந்தால் இங்கே என்ன இருக்கிறது, பாலாடைக்கட்டி ஆலை இருக்கிறது, எங்கள் ஆலை இருக்கிறது. வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டு, முடியை வலைக்குள் திணித்து, என் பக்கத்து மேஜையில் நீ நிற்கிற மாதிரி ஒரு காட்சி எனக்கு வந்துவிட்டது பிரையனி. எத்தனை ஷாம்பு போட்டாலும் இந்தக் கொழுப்பு வாடை முடியை விட்டுப் போகாது, அது உன் முடியில் வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை. அந்த மருந்தை நம்பி நாளைக்கு ஈரல் கெட்ட ஒரு மனிதருக்குக் கொடுப்பார்களே என்று நினைக்கவில்லை. நீ அந்தப் பொய்யோடு படுத்து எழுந்திருக்கவேண்டுமே என்றும் நினைக்கவில்லை.

அதனால் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் டாக்டர் மேவிடம் போய்ச் சொல்லிவிடு. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், நான் லீவு போட்டுப் படகேறி வந்து கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வரமாட்டேன், சத்தியம். அப்பாவிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் கால்பந்து கிளப்பில் இருக்கிறவர்களிடமெல்லாம் நீ ஈரலுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அங்கே பாதிப் பேருக்கு அது தேவைப்படும் என்று ஒரு ஜோக் வேறு. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தோடு நிறுத்துகிறேன், காலையில் தபாலில் போட்டுவிடுவேன்.

சனிக்கிழமை

போடவில்லை. வியாழக்கிழமை தபால் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன், இது போய்ச் சேருவதற்குள் நீ ஆய்வேட்டை எழுதியே முடித்துவிடுவாயோ, இதைவிட நேரே போய்விடலாமோ என்று ஒரே குழப்பம். நேற்றுப் படகில் இடம் கேட்டேன், பள்ளி விடுமுறைக் கூட்டம், செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். இன்றைக்குக் கால்பந்து இறுதி ஆட்டம் அல்லவா, அப்பா காலையிலிருந்தே டிவி முன்னால். இடைவேளையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "பிரையனி எனக்கு என்னமோ அனுப்பியிருக்கா, எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல, நீ படி" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். நீ எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம்: "அப்பா, ஞாயித்துக்கிழமை அம்மா சொன்னத நான் கேக்கல. திங்கக்கிழமை காலையிலயே மேவ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மிச்சம் இருந்த ஈரல் துண்டுகள வெச்சு ஜூன் வேலைய முதல்லேர்ந்து திருப்பிப் பண்றேன். அம்மா குரலக் கேட்டா அழுதுடுவேன், அப்புறம் கை நடுங்கும், வேலை நடக்காது, அதான் எடுக்கல. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

திங்கட்கிழமை காலையில். நான் செவ்வாய்க்கிழமை சங்கிலியை நிறுத்துவதற்கும் முந்தின நாளே. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா நின்றுகொண்டே, "நீ என்ன சொன்ன அவகிட்ட" என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். டிவியில் ஒரு லட்சம் பேர் கத்துகிறார்கள், பார்க்க ஆளில்லை. இருபது வருஷத்தில் அவர் இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் பார்க்காதது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகவே இருந்தது, ஏனென்றால் கத்துகிற கோபம் எனக்குப் பழக்கம், இது வேறு. பிறகு நானே கொட்டகைக்குப் போனேன். படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு எதையும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு அவ போன் பண்ணியிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேளை, அவ நம்ம பேச்ச எப்பவுமே கேட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைக் கை முதுகால் துடைத்ததில் கிரீஸ் அப்பிக்கொண்டது. கிளப்பில் சொன்னதை என்ன செய்வது என்று கேட்டேன். "மருந்து வேலை செய்யலன்னு சொல்றேன், அதுவும் கண்டுபிடிப்புதானே, குடிக்கிறவனுங்க இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா குடிக்கட்டும்" என்றார்.

அதற்கப்புறம் தூயெனைக் கூப்பிட்டேன். இப்போது அவளுக்கும் பொய் சொல்லத் தேவையில்லை, மடமடவென்று கொட்டிவிட்டாள். நீ மேவ் அறையில் அழுதது, அவர் உன்னை அழவிட்டு, "அழுது முடிச்சிட்டியா? சரி, ஃப்ரீசரைத் திற" என்றது, சிட்னிப் பேச்சிலிருந்து உன் வேலையை அவரே எடுத்துவிட்டது, நேற்றுப் பாதிக்கு மேல் முடிவு வந்தது, மிச்சத்தை நீ இன்னும் செய்துகொண்டிருப்பது, மருந்தால் பலனில்லை என்று உறுதியானது, பெட்டி மாறியதை ஒரு பக்கம் ஒளிவுமறைவில்லாமல் எழுதித்தான் கொடுக்கவேண்டும் என்று மேவ் சொன்னது, எல்லாம் சொன்னாள். முதல் வகுப்பு வருமா என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது ஆன்ட்டி" என்றாள். வராமல் போனால் எனக்கு வலிக்கும் பிரையனி. வலிக்காது என்று எழுதினால் அது பொய், இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த வலியோடு நான் தூங்கிவிடுவேன். இந்த வாரம் தூங்காமல் கிடந்தது வேறு விதம்.

புதன்கிழமை எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், போய்ச் சொல்லிவிடு என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறேனே, நீ அதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டிருக்கிறாய். படித்தால் சிரிப்பாய். இருக்கட்டும், சிரி, கிழிக்காமலே அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமைப் படகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நான் வந்து நின்றால் உன் கை நடுங்கும். நீ கூப்பிடும்வரை நானும் கூப்பிடமாட்டேன், இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். கையுறை போட்டுப் போட்டு உன் விரல் வெடித்திருக்கும், ஆலையில் நாங்கள் பூசுகிற, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த கொழுப்புக் களிம்பு ஒரு டப்பா இத்தோடு பொதியில் வைத்திருக்கிறேன், படுக்கும்போது பூசு. பாலாடைக்கட்டி ஒரு துண்டு இருக்கிறது, தூயெனுக்கும் பாதி கொடு, அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மேவ் அம்மையாருக்குத் தனியாக ஒரு துண்டு சுற்றி வைத்திருக்கிறேன், யார் கொடுத்தது என்று மட்டும் சொல், நான் உனக்கு என்ன புத்தி சொன்னேன் என்பதைச் சொல்லாதே, வெட்கமாக இருக்கிறது. ராத்திரி லேபிலிருந்து திரும்பும்போது டிராமில் விளக்கு இருக்கிற பக்கமாக உட்கார். சாப்பிடாமல் எழுதாதே.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், மறக்காமல் இரு. இனிமேலும் இப்படி ஏதாவது வந்தால், போன தடவை அம்மா தப்பாகச் சொன்னாளே என்று என்னிடம் கேட்பதை நிறுத்திவிடாதே. நான் தப்பாகச் சொன்னால் இந்தத் தடவை போலவே கேட்காமல் போ. ஆனாலும் முதலில் எனக்கு ஒரு போன் பண்ணு.

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கை திடமாக இருக்கவேண்டும், எழுதுகிற ஒவ்வொரு வரியும் உனக்குத் துணையாக நிற்கவேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் அம்மா
ரோஸ்லின்

அப்பா இதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைப் பிடிக்கமாட்டேன் என்கிறார். கீழே இருக்கிற கிரீஸ் விரல்ரேகை அவருடையது.