இரண்டாவது மாடியில் ஒரு சக்கர நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் இடுப்பு எலும்பு மெல்லக் கூடிவருகிறது, வலி குறைந்து கோபம் வர ஆரம்பித்திருக்கிறது, அப்படியென்றால் தேறுகிறார் என்றுதான் அர்த்தம். பல் முளைக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வருவது சகஜம், பயந்துபோய் கண்ட மருந்தையும் ஊற்றிவிடாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் கட்டிலில் இருப்பவர் காதில் விழாத வார்த்தை கிடையாது, இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி.

அப்பாவுக்கு அவருடைய சேவை கிளப் சக்கர நாற்காலி கொடுக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ கிளப் தலைவருக்கு நன்றி எழுதினாயாமே. 'அப்பாவுக்கு எவ்வளவு நல்ல ஃப்ரெண்ட்ஸ்மா' என்று போனில் நீ தழுதழுத்தபோதே எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அந்த நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்தது போட்டோ எடுத்து முடிக்கும்வரைதான். இருபது வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் அவர் ஓடிய கூட்டம் எங்கே நடக்கிறது என்று உனக்கே தெரியும், ஓட்டலின் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. நடக்க முடியாதவருக்குக் கொடுக்கும் நாற்காலியை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். 'கூட்டத்துல மேடையில வெச்சுக் கொடுத்தாதான்க்கா அது சேவைக் கணக்குல சேரும்' என்றார் தலைவர், டைல்ஸ் கடைக்காரர்தான், வாய் சர்க்கரை கை கருணைக்கிழங்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டு அதைவிடப் பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டிய கூட்டம் அல்லவா, அவர்களிடம் நான் வேறு என்ன எதிர்பார்க்க முடியும். கடைசியில் ஓட்டலில் பரிமாறும் பிள்ளைகள் நான்கு பேர் உன் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கிளப்காரர்கள் அவருக்கு முன்னால் பின்னோக்கிப் படியேறிக்கொண்டே அதை வீடியோ எடுத்தார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து அவர் வலியில் கத்தியதை அப்புறம் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, உனக்கு வந்ததில் அது இல்லை. மேலே மணியடித்து, எழுந்து நின்று உறுதிமொழி சொல்லி, பிறந்தநாள்காரர்களுக்குக் கைதட்டி, ஒரு மணி நேரம் கழித்து இவரை அந்த நாற்காலிக்கு மாற்றி, பதினைந்து பேர் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டு போட்டோ. ஊசி போடும்போதுகூட அவரைப் பிடித்துக்கொள்ள இத்தனை கைகள் வேண்டியிருந்ததில்லை. போட்டோ முடிந்ததும் எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இவரை மறுபடி பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கி அனுப்பினார்கள், சக்கர நாற்காலி மேலேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேள். அடுத்த மாதம் அவர்கள் கிளப்புகளுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரியவர் வருகிறாராம், அவர் கையால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டுமாம், அதுவரை அழுக்காகாமல் இருக்கட்டுமாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், கொடுத்த மாட்டையே திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எந்தப் பழமொழியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதில் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, அவங்களுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும், பெரியவர் வரும்போது நான் இன்னொரு தடவை போனா என்ன குறைஞ்சிடும் என்றார். இன்னொரு தடவை அந்தப் படியில் சாய்ந்தால் எலும்பு என்னவாகும் என்று எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

போன வாரம் புதன்கிழமை பால் பாக்கெட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அங்கே போய் மாடி ஏறினேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வரப்போகும் பெரியவருக்குப் பூங்கொத்து கொடுப்பதா கேடயம் கொடுப்பதா என்று ஆளாளுக்கு எழுந்து முழங்கிக்கொண்டிருந்தார்கள், நாட்டைப் பங்கு போடுகிற முகங்கள். நாற்காலி பின்னால் சாமான் அறையில் இருந்தது, அதன்மேல் மேசைத்துணிகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். அழுக்காகாமல் வைத்திருக்கும் லட்சணம் அது. துணிகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, கூட்டத்தின் நடுவழியாகவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தலைவர் மைக்கைப் பிடித்தபடியே, 'அக்கா, பெரியவர் கையால கொடுக்கிறதா பிளான் போட்டிருக்கோம்' என்றார். பெரியவர் வந்தா வீட்டுக்கு அனுப்புங்க, அவரையும் இதுல உட்கார வெச்சு ஒரு சுத்து தள்ளிக் காட்டுறேன் என்றேன். யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். ஒரு நாற்காலியும் நகரவில்லை. பரிமாறும் பிள்ளை ஒருவன்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் பிடிக்க வந்தான். படி முனைக்கு வந்தபோது பின்னாலேயே செயலாளர் ஓடிவந்தார், அந்தப் பல் டாக்டர். சரி, ஒருத்தருக்காவது மனசு கேட்கவில்லை, உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வருகிறார் என்று நின்றேன். மூச்சு வாங்கியபடி அவர் கேட்டது, 'மேடையில கட்டுற பேனர் சார்கிட்டதானே இருக்கு, யார்கிட்டயாவது கொடுத்து விடுங்களேன்' என்று. சனியன் பிடித்த பேனர், அதை இருபது வருஷம் கட்டி அவிழ்த்துத் துவைத்து இஸ்திரி போட்டது உன் அப்பாதான். கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவை அதில் உட்கார வைத்தேன். கட்டிலைவிட்டு வந்து கூடத்து ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர்க்குழாய் சொட்டுவதைப் பார்த்து என்னைத் திட்டினார், சமையலறை வாசல்வரை தானே தள்ளிக்கொண்டு வந்தார். நான் எப்படி எடுத்துவந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான், 'என்னைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா.' அதைக் கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போல இருந்தது. எல்லாரும் கேட்டாங்க, பல் டாக்டர் படிவரைக்கும் ஓடிவந்து கேட்டார் என்று சொன்னேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. 'பார்த்தியா, நீதான் எப்பவும் அவங்களைக் கரிச்சுக் கொட்டுற' என்றார். ஆமாம், நான்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை என் வாயிலிருந்து வாங்க முயன்றவர், கடைசியில் இதற்காகப் போய் வாங்கினார்.

மாப்பிள்ளையைச் சரியான நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும், எனக்கு அது போதும். அந்தத் தலைவருக்கு இனி ஒரு வரியும் எழுதாதே. ஒன்று மட்டும் மறக்காமல் செய். எல்லாரும் என்னை விசாரிச்சாங்களாம் என்று அப்பா உன்னிடம் சொன்னால், ஆமாப்பா, எனக்கும் எழுதினாங்க என்று சொல். கூட்டம் முடிந்ததும் யாராவது பார்க்க வருவார்கள் என்று நேற்றுப் புதன்கிழமை சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த புதன் அந்த நேரத்துக்கு நீ போன் செய், கொஞ்சம் நீட்டிப் பேசு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா