ஐந்து எலக்ட்ரான் வோல்ட்

அன்புள்ள அம்மாவுக்கு ரூபினி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? ரிங்லெட்டில் ஓயாத மழை, நான் நலம்.

தேயிலை நாற்று அறையில் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு எரியும்போதே ஆட்களை உள்ளே அனுப்பினார் சூப்பர்வைசர் சிவசாமி. நான் தடுத்தேன்.

"அலைநீளம் குறைஞ்சா ஆற்றல் கூடும் சார். இது 254 நானோமீட்டர். கணக்குப் போட்டா ஒரு ஃபோட்டானுக்குக் கிட்டத்தட்ட ஐந்து எலக்ட்ரான் வோல்ட் வருது. கண்ணு வெந்துடும்!"

"கணக்க ஸ்கூல்ல வெச்சுக்க லா!"

மறுநாள், உள்ளே போய் வேலை செய்த நீலாவதி அக்காவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வலியில் அலறினார். நான் மண்வெட்டியால் விளக்குகளை அடித்து நொறுக்கினேன். சிவசாமி இரும்புக் குழாயால் என் வலது கையை முறித்தார். ஆட்கள் அவரை ரத்தம் வர மிதித்தார்கள், போலீஸ் கொண்டுபோனது. அக்காவுக்கு இப்போது பார்வை தெரிகிறது. எனக்கும் கட்டுப் போட்டாயிற்று, இதை இடது கையால்தான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

தபால் கொண்டுபோகும் லோரி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். ஒரு கையால் சடை பின்ன வரவில்லை, அம்மா. கொஞ்ச நாள் வந்து இருக்கிறீர்களா?

ரூபினி