இளநீருக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர்

மலையைப் பார்த்த முகமாகப் போய்ச் சேர்ந்த என் எத்திராஜு பாவாவுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தணியில் தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் அவர் "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, இது சர்க்காருக்கு இல்லீங்க, எங்க அக்கா வூட்டுக்காரருக்கு" என்றேன். "எந்த ஊரு விலாசம் போடறது?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அந்த முதல் வரியை அடித்துவிட்டு, "சரி, சொல்லு, நீ சொல்றாப்பலயே எழுதறேன்" என்றார்.

அதனால் இது நான் பேசுகிற மாதிரிதான் இருக்கும். உங்கள் திதியன்று கிணற்றடியில் இதை எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். ஊர் கேட்கட்டும். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. தனகோட்டி அக்கா நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், சண்டை போடுகிறாள். உங்கள் கறுப்பு மாட்டை விற்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள், விற்க மாட்டேன் என்றுவிட்டாள். அந்த மாடு இன்னமும் வண்டியில் கட்டினால் கிணற்றண்டை வந்ததும் தானாக நிற்கிறது. பள்ளிப்பட்டு சந்தைக்கு அவசரமாகப் போகிற நாளிலும் நிற்கும். அடித்தாலும் நகராது. நீங்கள் இறங்கி, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிற நேரம் வரைக்கும் நின்றுவிட்டு, அப்புறம்தான் நடக்கும். அதற்கு யார் சொல்வது, நீங்கள் இல்லை என்று?

அடுத்தது ஊர்ச் சேதி. வெள்ளைக்காரன் போய்விட்டான் பாவா. மெய்யாகவே போய்விட்டான். கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், கதைப்பாட்டுக்காரன் நான் விடிய விடியக் கதை சொன்னேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா மட்டும் கிணற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். நீங்கள் இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

எதை எதையோ சொல்கிறேன். இளநீர் சங்கதிக்கு வருகிறேன்.

நம் ஊருக்கு எந்த அதிகாரி வந்தாலும் இளநீர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். அது எப்போது வந்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. சர்க்கார் கிணற்றை ஒட்டி நிற்கிற உங்கள் தென்னையில்தான் இளநீர் இனிக்கும் என்று ஊரே சொல்லும். நீங்களே மரம் ஏறுவீர்கள். உங்களுக்கு அதில் பெருமையும் உண்டு. "போன தடவ வந்த ஐயா ரெண்டு குடிச்சாரு" என்று ஒரு வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நானும் அதைக் கதையில் சேர்த்துக்கொள்வேன்.

அந்தக் கிணறு யாருக்கு? பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து காவடி தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்து வருகிற ஜனங்களுக்காகச் சர்க்கார் வெட்டிய கிணறு. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் தூர் வாரி, மருந்து போட்டு வைக்க வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும். வந்தார். பந்தலில் உட்கார்ந்தார். இளநீர் குடித்தார். போனார்.

அந்த ஒரு நாள் நீங்கள் மரத்து மேலே இருந்தபோது என்ன பார்த்தீர்கள் என்று கீழே வந்து என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? முதல் நாள் மழை பெய்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் கிணறு வட்டமாகத் தெரிகிறது. கிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்த இடத்தில் ரோட்டு ஓரத்து வாய்க்கால் தண்ணீர், சாணியும் செத்தையுமாக, கிணற்றுக்குள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தடி தள்ளிப் பந்தலில் இன்ஸ்பெக்டர் கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உங்கள் இளநீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"கன்னியப்பா, அவர நாமதான்டா அப்பிடி ஒக்கார வெச்சிருக்கோம்" என்றீர்கள். "நாக்காலிய அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டது யாரு? நம்ம ஊரு அசிங்கத்த அவரு பாக்கக் கூடாதுன்னு மறைக்கறது நாமதானே? இளநீ குடுத்து குடுத்து, இத்தன வருஷமா ஒருத்தரும் நம்ம தண்ணிய வாயில வெக்கல."

எனக்கு அப்போது புரியவில்லை. விருந்தாளிக்கு நல்லதைக் கொடுப்பது தப்பா என்றுதான் தோன்றியது.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தபோது நீங்கள் மரம் ஏறவில்லை. அவர் எல்லார் முன்னாலும் "கிணறு சுத்தமா இருக்கு, ஒரு கொறையும் இல்ல" என்று சொன்னார். நீங்கள் அந்தக் கிணற்றிலேயே மொண்டு, பித்தளைச் சொம்பில் கொண்டுபோய் நீட்டினீர்கள்.

"சந்தோஷம் ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் குடிங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். "இல்லப்பா, நமக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்காது."

"எங்களுக்கு ஒத்துக்குதுங்களா ஐயா?"

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. விருட்டென்று எழுந்து போய்விட்டார். நம் கிராம முன்சீப்பு உங்களைப் பிடித்துக்கொண்டார்: "யோவ் எத்திராஜு! வூட்டுக்கு வந்தவர இப்பிடியா அவமானம் பண்ணுவ? இனிமே இந்த ஊருக்கு ஒரு கல்லு வருமா, ஒரு மண்ணு வருமா?"

அந்த ஆடிக்கு மருந்து வரவில்லை. இன்ஸ்பெக்டரை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் உங்களைத்தான் கேட்டார்கள். "உன்னாலதான்" என்று டீக்கடையில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நீங்கள் வேலிமுள் வெட்டி வந்து கிணற்றைச் சுற்றிப் போட்டீர்கள். கிருத்திகைக்குக் காவடி வரத் தொடங்கியதும் அங்கேயே நின்றுகொண்டு, "தாயே, இந்தத் தண்ணி வேணாம், அதோ அந்தக் கழனிக் கெணத்துக்குப் போங்க, நல்ல தண்ணி" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினீர்கள். தமிழில் கத்தினீர்கள், தெலுங்கில் கத்தினீர்கள். கால் கொப்புளித்து வருகிறவர்களுக்குக் கழனி எத்தனை தூரம்! நீங்கள் ஒரு பக்கம் திரும்பியிருந்தபோது மறுபக்கம் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சிலர் குடித்துவிட்டார்கள்.

அதில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்டது. கிட்டே போக எல்லாரும் பயந்தோம். நானும் பயந்தேன். நீங்கள்தான் தூக்கி வண்டியில் போட்டு, துடைத்து, மடியில் சாய்த்து, திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்த நோய் உங்களைத் தொற்றிக்கொண்டு, நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மலையைப் பார்த்தபடி போய்விட்டீர்கள்.

அந்த இரண்டு பேரும் அடுத்த கிருத்திகைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார்கள் பாவா. அவள் அவர்களுக்குச் சோறு போட்டாள். அவர்கள் போன பிறகுதான் அழுதாள்.

இப்போது இந்த வருஷத்துக் கதை. கவனமாகக் கேளுங்கள்.

ஆடிக்கு முன்னால் புதுசாக ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். கதர் கட்டுகிறவர், நம் ஆள், நம் ராஜ்யத்து அதிகாரி. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல் போட்டார்கள். இடிந்த சுவரை மறைக்க அந்த இடத்தில் வாழைமரம் கட்டினார்கள். கோலம் போட்டார்கள். முன்சீப்பு என்னைக் கூப்பிட்டு, "கன்னியப்பா, ஐயா வந்து ஒக்காந்ததும் நாலு வார்த்த புகழ்ந்து பாடிடு" என்றார். அப்படியே உங்கள் தென்னையில் ஏற ஓர் ஆளையும் அனுப்பிவிட்டார்.

அந்த ஆள் காலில் தளைக்கயிற்றை மாட்டி இரண்டு முழம் ஏறியபோது அக்கா மரத்தடியில் வந்து நின்றாள்.

"எறங்கு."

"முன்சீப்பு சொன்னாருக்கா."

"முன்சீப்பா தண்ணி ஊத்தினாரு இந்த மரத்துக்கு? எறங்குடா."

முன்சீப்பே வந்தார். "இன்னாம்மா தனகோட்டி, நம்ம ராஜ்யம் வந்துடுச்சி. வெள்ளக்காரன் காலத்துச் சண்டைய இன்னமும் புடிச்சிகினு நிக்கற?"

"ராஜ்யம் வந்துச்சி, ஆங், வந்துச்சி. கெணத்துக்குச் செவுரு வந்துச்சா?"

முன்சீப்பு என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். வயசு கம்மி. மாலை போட்டார்கள். நாற்காலி கிணற்றுக்கு முதுகு காட்டித்தான் கிடந்தது, அதே இடத்தில். என்னைப் பாடச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். விடிய விடியப் பேசுகிற வாய் பாவா இது, அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. எனக்கு எதிரே அந்த வாழைமரம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை மறைத்துக்கொண்டு என்ன பாடுவது?

ஜனங்கள் கசகசவென்று பேச ஆரம்பித்தபோது அக்கா நடுவில் நடந்து வந்தாள். கையில் உங்கள் சொம்பு. புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று இருந்தது. நேராகப் போய் நீட்டினாள்.

"தண்ணியாம்மா? குடுங்க குடுங்க, நல்ல தாகம்" என்று அவர் சிரித்தபடி வாங்கிவிட்டார்.

முன்னே வந்தவர் மறுத்தார். இவர் வாங்கிவிட்டார். வாங்கி, அண்ணாந்து, வாய்க்கு நேரே தூக்கியும்விட்டார். அப்போது அக்கா எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டாள். ஒரு பொம்பிளை, பெரிய அதிகாரியின் கையை!

"வேணாம் சாமி. குடிக்கறதுக்குக் குடுக்கல. பாக்கறதுக்குக் குடுத்தேன்."

அவருக்குப் புரியவில்லை.

"இதக் குடிச்சவங்களத் தூக்கினு போயிதான் எங்க வூட்டுக்காரரு போய்ச்சேந்தாரு. நீங்களும் ஒரு தாயி பெத்த புள்ள. பாருங்க, போதும்."

அவர் சொம்பை இறக்கி, லேசாக ஆட்டிப் பார்த்தார். அடியிலிருந்து செத்தை சுழன்று மேலே வந்தது. முன்சீப்பு பக்கம் திரும்பி, "இந்தக் கெணத்துக்கு மருந்து போட்டாங்களா?" என்று கேட்டார்.

"போட்டாங்கன்னுதான் சொல்றாங்க" என்றார் முன்சீப்பு.

"யாரு சொல்றாங்க?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "வாழமரத்த நகர்த்திட்டுப் பாருங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பாட்டும் இல்லை, கதையும் இல்லை. அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து போய், இடிந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

கிருத்திகைக்கு முன்னால் தூர் வாரினார்கள். மருந்தும் வந்தது. தண்ணீர் ரோஜாப்பூ நிறத்தில் ஆகிவிட, காவடிக்காரர்கள் பயந்து ஓடினார்கள். "மருந்துதாங்க, மருந்துதாங்க, பயப்படாம குடிங்க" என்று நாள் பூராவும் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீங்கள் குடிக்காதே என்று கத்தின இடத்தில் நின்று, நான் குடி என்று கத்தினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்த வருஷம் நம் ஊர் வழியாகப் போனவர்களில் ஒருவரும் விழவில்லை.

இளநீரை அன்றைக்கு அந்த அதிகாரி கேட்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. காய் முழுவதையும் அக்கா காவடிக்காரர்களுக்கே வெட்டிக் கொடுத்தாள்.

ஆனால் முழுக்கச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கைப்பிடிச் சுவர் மூன்று பக்கம் எழும்பியிருக்கிறது. வாய்க்கால் இறங்குகிற கிழக்குப் பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. கொத்தனார் வரவில்லை, சுண்ணாம்பு வரவில்லை, அடுத்த மாசம் என்கிறார்கள். அந்த அதிகாரியையும் வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நல்ல மனுஷராக இருந்ததால் நடந்ததா, சொம்பைக் காட்டியதால் நடந்ததா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவரோ? நம் ஆள்தானே, விட்டுப் பிடிக்கலாம் என்கிறார்கள் ஊரில். நம் ஆள் என்றால் கேட்பதற்கு இன்னும் உரிமை அல்லவா இருக்கிறது? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை நானும் அக்காவும் இன்னும் வருகிறவர்களும் உங்கள் வண்டியில் இதே தாலுகா ஆபீசுக்கு வருகிறோம். சொம்பில் கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் இருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு நிற்போம். சுவர் முடிந்த பிறகும் விட மாட்டோம். ஆடிக்கு ஆடி, யார் வந்தாலும், வெள்ளைத் தோலோ நம் தோலோ, என் பிள்ளையே அதிகாரியாகி வந்தாலும், முதலில் இந்தச் சொம்புதான். நாற்காலியைக் கிணற்றைப் பார்த்துப் போடுவது என் பொறுப்பு. தண்ணீரைக் குடித்த பிறகுதான் உங்கள் மரத்து இளநீர். இது நான் கதையில் சொல்கிற சத்தியம் இல்லை பாவா, உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிற சத்தியம்.

அக்கா வண்டியிலிருந்து கூப்பிடுகிறாள். மாடு கிணற்றண்டை நிற்கிற நேரத்தையும் சேர்த்துக் கிளம்ப வேண்டுமாம்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கிட்டே வரப் பயந்தவன், இனி உங்கள் இடத்தில் நிற்கிறவன்,
உங்கள் தனகோட்டியின் தம்பி, உங்கள் மச்சான்
கன்னியப்பன்