டெஸ்ட் என்று போட்ட பெயர்

நவம்பர் 4, திங்கள்

இன்று லேபில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அபூர்வம், எழுதி வைக்கிறேன். ரத்தம் பார்க்கிற மிஷின் தரும் எக்ஸ்எம்எல் கோப்பு மொத்தமும் ஒரே வரி. பெயர், வயது, எண்கள், எது என்னவென்று காட்டும் குறிகள் எல்லாம் கரும்பு லோடு மாதிரி திணித்துக்கொண்டு வரும். நான் பைத்தானில் எழுதிய நிரல் அதை முதலிலிருந்து படித்துக்கொண்டே போகும். ஒரு குறி திறந்தால் 'திறந்தது' என்று கூப்பிடும், உள்ளே எழுத்து வந்தால் 'எழுத்து', மூடினால் 'மூடியது'. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நான் ஒரு வரி அடிக்கிறேன், உள்ளே இருப்பதை உள்தள்ளி, தமிழில், பக்கத்திலேயே சரியான அளவு எவ்வளவு என்றும் போட்டு. லேப் டெக்னீஷியன் எழில்மதி அக்கா, "இனிமே எங்கூட்டு மாமியாரே ரிப்போர்ட் படிச்சிடும் தேவி" என்றார்.

சாயங்காலம் எங்கள் ஊர் களமருதூர் வந்து இறங்கினால் அப்பா எதிரே வருகிறார், சட்டை தொளதொளவென்று. கழுத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி வேறு. டாக்டரைப் பாருப்பா என்றேன். "கரும்பு வெட்டுற காலத்துல எவன் பாப்பா குண்டா இருக்கான்?" என்றார். சுப்புராயன் என்கிற என் அப்பாவிடம் வாதாடி ஜெயித்தவர் யார்?

நவம்பர் 12, செவ்வாய்

மலையில் நல்ல மழை. வெள்ளிமலை பஸ் வரவில்லை, அதில் வரும் ரத்த சாம்பிள் டப்பாவும் வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மலையிலிருந்து மாயவன் என்பவர் வந்தார். காய்ச்சலில் இருந்த அவர் மனைவி சின்னப்பொண்ணுக்குப் போன வாரம் தட்டணு, அதாவது பிளேட்லெட், பதினெட்டாயிரம் என்று நாங்கள் ரிப்போர்ட் கொடுத்திருந்தோம். அவ்வளவு குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்று சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அங்கே பார்த்தால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். கொஞ்சம் குறைவுதான், பயப்பட ஒன்றுமே இல்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவ உயிரோட ஒக்காந்துகினு கஞ்சி குடிக்கிறா மேடம். அவ அண்ணங்காரன், அவ செத்துட்டான்னு நெனச்சி, கோடித்துணி எடுத்துகினு வாசல்ல வந்து நிக்கிறான். அவ பாத்துட்டா. அதுலேர்ந்து பேசவே மாட்றா."

உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி. நான் பண்ணின வேலையா இது?

நவம்பர் 19, செவ்வாய்

நான் பண்ணின வேலைதான்.

நிரல் கோப்பைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். ஒரு துண்டு முடிகிற இடம் எண்ணின் நடுவில் விழுந்தால், ஒரே எண்ணுக்கு 'எழுத்து' என்ற கூப்பாடு இரண்டு தடவை வரும். முதலில் 1, பிறகு 18000. இரண்டையும் ஒட்டிச் சேர்த்து 118000 ஆக்க வேண்டும். நான் இரண்டாவது வந்ததும் முதலாவதை அழித்து அதன் மேல் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு கூட்டல் குறி இல்லை. அதற்கு ஒரு கோடித்துணி.

பழைய கோப்புகள் எல்லாவற்றையும் திருத்திய நிரலில் மறுபடி ஓட்டினேன். இன்னும் ஒன்று மாறியது, 45 வயதுக்காரர் ஒருவர் 5 வயதாக இருந்தார். எழில் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 20, புதன்

மிஷினையோ நிரலையோ தொட்டால், நோயில்லாத யாருடைய ரத்தத்தையாவது 'டெஸ்ட்' என்ற பெயரில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் லேப் வழக்கம். எப்போதும் எழில் அக்கா கைதான் மாட்டும். இன்று அப்பா மாட்டினார். மோட்டாருக்குக் காயில் கட்டக் கள்ளக்குறிச்சி வந்தவர், என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தார். விஷயம் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அந்தப் பொண்ண ஏன் குத்திகினு? என்னுத எடுங்க. எருமை மாதிரி கெடக்குறேன்."

வெள்ளணு ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம் என்று வந்தது. சரியான அளவு நான்காயிரத்திலிருந்து பதினோராயிரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேர்க்கச் சொன்னால் அளவுக்கு மீறிச் சேர்க்கிறது சனியன்!

"கோளாறுப்பா" என்றேன். "நேத்து கம்மியா காட்டுச்சி, இன்னிக்கி ஜாஸ்தியா? உன்ன மாதிரியே கோவக்கார மிஷினு" என்று சிரித்துவிட்டுக் காயில் கடைக்குப் போனார்.

நவம்பர் 21, வியாழன்

முந்தைய எண்ணைத் துடைக்காமல் விட்டதால் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டதா? இல்லை, ஒவ்வொரு குறி திறக்கும்போதும் துடைக்கிறேன். வருகிற ஒவ்வொரு கூப்பாட்டையும் திரையில் அடிக்கவிட்டுப் பார்த்தேன். 184000, ஒரே துண்டாக வந்திருக்கிறது. அந்த ஒரே வரிக் கோப்பைத் திறந்து விரல் வைத்துத் தேடினேன். அங்கேயும் 184000.

தப்பு என்னுடையதாகவே இருக்கணும் என்று சாமியைக் கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

அப்புறம் மிஷின் மேல் சந்தேகப்பட்டோம். எழில் அக்கா தன் ரத்தத்தை வைத்தார், ஏழாயிரத்து இருநூறு. அப்பாவுடையதை மறுபடி வைத்தார்.

அதே எண்தான். அய்யோ. சட்டை தொளதொளன்னு இருந்துச்சே. கழுத்துக் கட்டி. நான் பாத்துகினே தான இருந்தேன்?

நவம்பர் 22, வெள்ளி

எழில் அக்கா கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. "அப்பாவ கூட்டிகினு வாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், டாக்டர் சொல்லட்டும்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எலவனாசூர்கோட்டை தாண்டியதே தெரியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

பாண்டிச்சேரிக்குப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தையை என்னைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார். அப்பாவிடம் கழுத்துக் கட்டிக்காக என்றேன். மிஷின் கோளாறு என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் அதைச் சொன்னபோது அது பொய்யில்லை. இப்போது பொய்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், "குழம்பு ஊத்தட்டுமா" என்று வந்தது.

டிசம்பர் 16, திங்கள், பாண்டிச்சேரி

டாக்டர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். நிதானமாகப் போகிற வகை. மாத்திரை உண்டு. இத்தோடு பல வருஷம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தற்செயலாகத்தான் நிறையப் பேருக்குத் தெரிய வருமாம். எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார், நான் சின்னப்பொண்ணின் கதையைச் சொல்லவில்லை. அந்தக் கோடித்துணியால்தான் அப்பா பிழைத்தார் என்று எந்த வாயால் சொல்வது?

காலையில் நடந்தது இது. முதல் ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதில் பெயர் 'டெஸ்ட்' என்று இருந்தது. மாற்றினால் அந்த எண் அப்பாவுடையதாகிவிடும் என்று இவ்வளவு நாள் தொடாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை உட்கார்ந்து அடித்தேன், சுப்புராயன், 58, களமருதூர். பஸ்ஸில் நான் டிக்கெட் வாங்குவதற்குள் அப்பா பையிலிருந்து தாளை எடுத்துவிட்டார்.

விரல் வைத்துப் படித்தார். பெயர். வயது. ஒவ்வொரு வரியாக இறங்கி, வெள்ளணுவில் நின்றார்.

"நாலாயிரத்துலேர்ந்து பதினோராயிரம்னு போட்டுக்கிது. எனக்கு ஒரு லட்சத்து எம்பத்து நாலாயிரம்."

நான் டிக்கெட்டைப் பைக்குள் வைத்தேன்.

"அன்னிக்கி கோளாறுன்னியே?"

"கோளாறு இல்லப்பா."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார், பிரித்தார், அதே வரியைப் பார்த்தார். விழுப்புரம் வந்தது. அப்புறம் என் கையைப் பிடித்து, "நல்லா புரியற மாதிரி எழுதிருக்குற பாப்பா" என்றார்.