மேல்மலைக்கு முன்னுரிமை இல்லை

ஐயா,

பதினோராம் நம்பர் மலையில் மானாப்புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். அந்தப் புகை கதவிடுக்கில் நுழைந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. போன மாதம் நீங்கள் காலமானதாகச் சொன்னார்கள். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொன்னவன் நான். இப்போது நிறுத்தப் போவதில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன், தேயிலை ஆராய்ச்சிக்காக ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தீர்கள். ஆற்றோரத்தில் அதிகம் துளிர்க்கும் புதுச் செடி. மேலே, காற்றடிக்கும் பதினோராம் நம்பரில், வறட்சி தாங்கும் செடி மூன்று வரிசை. இரண்டிலும் ஒரு பருவம் கொழுந்து பறித்து, எடை போட்டுப் பார்த்து, அதிகம் தரும் ஒன்றுக்கு மட்டும் பணம். "கங்காணி, காசு கொஞ்சம்தான் இருக்கு. எங்க போட்டா அதிகமாத் திரும்புமோ அங்கதான் போடவேணும்" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் நீங்கள் ஜீப்போடு ஆற்றோரத்திலேயே நின்றுவிட்டீர்கள். பெரிய மனிதர் நிற்கிற இடத்துக்கு நல்ல கைகளை அனுப்புவது எங்கள் வழக்கம். அனுப்பினேன். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் மேலே ஏறினார்கள். அவர்கள் கைக்குத் தப்பிய கொழுந்து செடியிலேயே முற்றிப்போனது. "கீழ போனவளை ஐயா பாத்தாரு, எங்களைக் காத்துதான் பாத்துச்சு" என்று மேலே ஏறியவர்களில் ஒருத்தியான ராக்கம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

ஆற்றோரம் ஜெயித்தது என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிப் பதுளைக்கு, உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

"ஐயா, அது செடியோட வித்தியாசம் இல்லீங்க, கையோட வித்தியாசம். நல்ல ஆளுகளை நான்தான் கீழ விட்டேன்."

"ஏன் அப்பிடி விட்டனீர்?"

"நீங்க கீழ நின்னீங்களே."

சிரித்தீர்கள். "ரிப்போர்ட் போயிட்டுது, கங்காணி."

இன்னொரு பருவம் பறித்துப் பார்த்திருக்கலாம். ரிப்போர்ட் போன இடத்துக்கு ஒரு கடுதாசியாவது எழுதியிருக்கலாம்.

எழுத்தை நானே கற்றவன். அந்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கைக்கு வந்தபோது எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேல்மலைக்கு முன்னுரிமை இல்லை என்றிருந்தது. அடுத்த பெரிய வறட்சியில் பதினோராம் நம்பரில் அந்த மூன்று வரிசை மட்டும் பச்சையாக நின்றது, மற்ற பழைய செடியெல்லாம் கருகியது. மலையை மூடினார்கள், மானாப்புல் மண்டியது. ராக்கம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கிடைத்தது. கொஸ்லந்தைப் பக்கம் பிழைப்புத் தேடிப் போனவள் திரும்பி வரவில்லை.

என் பிழையை உங்கள் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். உங்கள் பிழையை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் ஆராய்ச்சி என்று யாராவது தோட்டத்துக்கு வந்தால், வேலையிலிருந்து நின்ற கிழவன் நான் வழியில் போய் நிற்கிறேன். "மொதல்ல மேல ஏறுங்க, பொறவு பேசுவோம்" என்கிறேன். ஏறாதவரோடு பேசுவதில்லை.